வைகாசியில் பார்த்த ஏரி

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளில் பறவைப் பகுதியை எழுதும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஊக்கம் தரும்படி இரண்டு மூன்று நல்ல சம்பவங்கள் போதும் என்றார்கள். நல்ல சம்பவங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றை எழுதப் போவதில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தேன். அதில் ஒருமுறை இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். அவற்றால் ஓர் ஏரி போயிற்று. அந்த ஏரி மீனை நம்பிக் கூட்டில் கிடந்த கூழைக்கடாக் குஞ்சுகள் பட்டினியால் செத்தன. இப்போது ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் இன்னோர் ஏரியின் கோப்பு உங்கள் அலுவலகத்தில் திறந்து கிடக்கிறது. அது மூடப்படுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். அலுவலகம் இதை அச்சிடுமா என்று தெரியவில்லை. அச்சிடாவிட்டால் நகலெடுத்து வாசலில் நின்று நானே தருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இல்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவர் உயிரோடு இல்லை. இருந்தாலும் குற்றம் அவருடையது இல்லை. பறவையின் குரலை வைத்தே அதன் வயதைச் சொல்லக்கூடியவர். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், என் முதல் வரைவைப் படித்துவிட்டு ஒரு பத்தியைச் சிவப்பு மையால் அடித்தார். "இது உண்மைதானே சார்?" என்றேன். "உண்மைதான். பொய் எழுதவே கூடாது. ஆனா கேக்காத கேள்விக்குப் பதில் எழுதினா நீ நிபுணன் இல்ல, வாதி" என்றார். எவ்வளவு கூர்மையாகப் பேசுகிறார் என்று வியந்தேன். அந்த வார்த்தையை என் பணிக்காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின் வந்தவர்களுக்கும் சொன்னேன். உங்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள் பலர் அதை என் வாயிலிருந்து கேட்டவர்கள். இன்று அது என் வாயில் கசக்கிறது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலை விரிவாக்கத்துக்கு அறிக்கை கேட்டார்கள். புது இடத்தை ஒட்டி ஒரு பாசன ஏரி. எட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஒரு சிறிய பறவைகள் சரணாலயம். அதன் நடுவே கடப்ப மரங்கள், அவற்றில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். அச்சுறுத்தலை நெருங்கும் இனம் என்று உலகப் பட்டியலில் உள்ள பறவை அது. மழைக்காலம் தவிர்த்து ஏதாவது ஒரு பருவத்தில் கள ஆய்வு செய்தால் போதும் என்பது விதி. வேலை எங்கள் கைக்கு வந்தது சித்திரைக் கடைசியில். வைகாசியில் போனேன்.

ஏரி வெடித்துக் கிடந்தது. நடுவில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். நான்கு நாள் காலையும் மாலையும் நடந்து கணக்கெடுத்தேன். மைனா, கரிச்சான், உண்ணிக்கொக்கு, இரண்டு ஆள்காட்டி. நாலாம் நாள் ஏரிக்குள் வேலிகாத்தான் முள் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கவனித்தாள். பெயர் எஸ்தர். பெற்றோர் அந்த ஏரிப் பாசனத்து நெல் வயல்களில் கூலி வேலை செய்தவர்கள்; இவள் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. அன்று அவளுக்கு வார விடுமுறை. என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். பறவைக் கணக்கு என்றேன். சிரித்தாள்.

"வைகாசில வந்து ஏரில இன்னாத்த சார் பாப்பீங்க? தை மாசம் வாங்க. கூழக்கடா எறங்கிச்சின்னா தண்ணியே கண்ணுக்குத் தெரியாது. முட்டியளவு தண்ணி நிக்கும்போது வரிசையா நின்னு மீன ஓட்டிக்கினு வரும் பாருங்க, எங்க ஆளுங்க வல போடறாப்பல. வாய ரொப்பிக்கினு அந்தாண்ட சரணாலயத்துக்குப் போவும். அங்கதான் கொயந்த குட்டி எல்லாம்."

ஒரு நிபுணன் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கூடு எங்கே, உணவு எங்கே, எந்த மாதத்தில், தண்ணீர் எந்த அளவில் நிற்கும்போது: எல்லாம் இருந்தது. நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. என் கையெழுத்திலேயே இருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில், அன்று மாலையே, "ஆய்வுக் காலத்துக்கு வெளியே" என்றும் எழுதி அடிக்கோடு போட்டேன். அதுவும் என் கையெழுத்துதான்.

அறிக்கையில் எழுதிய இரண்டு வாக்கியங்கள் இவை: "திட்டப் பகுதியிலும் அதையடுத்த ஏரியிலும் அச்சுறுத்தலுக்குள்ளான பறவையினங்கள் எவையும் காணப்படவில்லை. எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள சரணாலயம் இப்பகுதிப் பறவைகளுக்குப் பாதுகாப்பான, போதுமான வாழிடமாக உள்ளது."

முதல் வாக்கியத்தில் பொய் இல்லை. நான் காணவில்லை. இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அன்று நானாகவே பதில் எழுதினேன். முதலாளிக்குச் சாதகமான பதில் என்றால் நான் வாதியாக மாட்டேன் போலும்.

என்னை யாராவது மிரட்டினார்களா என்று கேட்பீர்கள். இல்லை. கையூட்டு இல்லை, சிபாரிசு இல்லை. தை வரை காத்திருக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தால் மேலாளர் முகம் சுளித்திருப்பார். வாடிக்கையாளர் வேறு அலுவலகத்துக்குப் போயிருப்பார். ஒரு மாதம் என்னோடு யாரும் மதிய உணவுக்கு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நான் பயந்தது அவ்வளவுக்குத்தான். பெரிய அநியாயத்துக்குப் பெரிய காரணம் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம். அதை எப்படி நடத்துவார்கள் என்று நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம், மேடையில் அதிகாரிகள், அவர்களுக்கு ஓரமாக அறிக்கை எழுதிய நாங்கள். இளைஞர்கள் எழுந்து உள்ளூர் ஆட்களுக்கு வேலை உண்டா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, எழுத்தில் உறுதி கொடுங்கள் என்றும் கேட்டார்கள், அதற்குத்தான் பதில் வரவில்லை. நெல் வயல்காரர் ஒருவர் வரத்துக் கால்வாய் என்னாகும் என்றார். பரிசீலிக்கப்படும் என்றார்கள்.

அதன்பின் எஸ்தர் மைக்கைப் பிடித்தாள். ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஏம்மா, உனுக்கு வேல வேணுமா கூழக்கடா வேணுமா?" என்று கேட்க, கூட்டம் சிரித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனுக்கு வேல ஏற்கெனவே கீது. நான் கேக்கறது மேல குந்திக்கினு கீறாரே, இவர. சார், ஏரில வச்சு நான் சொன்னத எழுதினீங்களா இல்லியா?"

குறிப்பேடு என் மடியில் இருந்த பையில் இருந்தது. எடுத்து அந்தப் பக்கத்தைத் திறக்க ஐந்து விநாடி போதும். எழுதினேன், ஆனால் அறிக்கையில் சேர்க்கவில்லை, தையில் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் கூட்டக் குறிப்பில் அது ஏறியிருக்கும். ஏறியபின் எவராலும் அழிக்க முடியாது. மேலாளர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நான் மைக்கை என் பக்கம் இழுத்து, "பறவைகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். எட்டுக் கிலோமீட்டரில் சரணாலயம் இருக்கிறது. அங்கே அவை பாதுகாப்பாக இருக்கின்றன" என்றேன். முன்வரிசையில் கை தட்டினார்கள். எஸ்தர் நின்றுகொண்டே இருந்தாள். அவளிடமிருந்து மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

அந்த ஏரியை யாரும் மூடவில்லை. இன்றும் வருவாய் வரைபடத்தில் அது ஏரிதான். தொழிற்சாலைக்குப் போகும் சாலையை வரத்துக் கால்வாயின் மேல் போட்டார்கள். குழாய் பதித்தோம் என்றார்கள்; குழாய் மேட்டில் இருந்தது. அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. தண்ணீர் சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருப்புக்குள் போயிற்று, ஏரிக்கு வரவில்லை. நான் பார்த்த வைகாசி பன்னிரண்டு மாதமும் அந்த ஏரிக்கு வந்துவிட்டது. காக்க வேண்டிய பறவை இல்லாத ஏரி என்று நான் எழுதியதை மெய்யாக்கிக் காட்டினார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு மாசியில், ஒரு சரணாலயம் எவ்வளவு நன்றாகப் பறவைகளைக் காக்கிறது என்று மதிப்பிடும் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். விதி என்னை அதே சரணாலயத்துக்கு அனுப்பியது. விதி என்று எழுதுவதும் தப்பித்தல்தான். அந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்தவன் என்று நானே கேட்டு வாங்கிப் போனேன்.

கையில் மதிப்பெண் படிவம். வேலி இருக்கிறதா, இருக்கிறது. எல்லைக்கற்கள் சரியாக உள்ளனவா, உள்ளன. வேட்டை உண்டா, இல்லை. காவலர்கள் பணியில் உள்ளனரா, உள்ளனர். பார்வைக் கோபுரம், தகவல் பலகை, கணக்கெடுப்புப் பதிவேடு எல்லாம் உள்ளன. எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தது. இந்த இடத்தில் நில்லுங்கள். சுற்றுவட்டாரத்தில் மூன்று இடங்களில் கூடு கட்டிய பறவைகள் அந்த இடங்களை இழந்து கடைசி மரங்களில் வந்து நெருக்கியடித்தால், கணக்கு கூடத்தான் செய்யும். அதை நாம் பெருக்கம் என்று எழுதுகிறோம். தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடிவந்து பக்கத்து வீட்டில் நிற்கும் கூட்டத்தை எண்ணி, இந்த வீட்டில் ஆள்பலம் அதிகம் என்று எழுதுவது போன்றது அது. வெட்கமில்லாமல் எழுதுகிறோம். வண்ணப் படத்தோடு எழுதுகிறோம்.

முனிரத்தினம் என்ற காவலர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சரணாலயத்தை ஒட்டிய கிராமத்துக்காரர். அவருடைய அப்பாவும் அங்கேதான் காவல் இருந்தவர். படிவத்தின் முதல் பக்கத்தை நான் நிரப்பி முடிக்கும்வரை பொறுமையாக நின்றவர், "கொஞ்சம் அந்தாண்ட வாங்க சார்" என்று மரங்களின் அடிக்கு அழைத்துப் போனார்.

கூழைக்கடாக் குஞ்சுகள் விழுந்து கிடந்தன. சில நீரில், சில சேற்றில். ஒன்றைக் கையில் எடுத்தேன். அவ்வளவு பெரிய குஞ்சு ஒரு காலிப் பையின் எடைதான் இருந்தது. மார்பெலும்பு கத்தி முனைபோல் கையில் குத்தியது. மேலே கூடுகளில் மீதிக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. தாய்ப் பறவைகள் இல்லை. தூரத்துக்கு இரை தேடிப் போனவை வரவில்லை. கடலோரத்தில் பெரிய உப்பங்கழி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே போய்வரும் தூரமும் அங்கிருக்கும் வலைகளும் சேர்ந்தால், ஒரு நாளில் ஒரு குஞ்சுக்குக்கூட வயிறு நிறையாது. முழங்கால் தண்ணீரில் மீன் திரண்டு நிற்கும் பக்கத்து ஏரிதான் அவற்றின் சமையலறை.

"எங்க நைனா காலத்துலயும் உழும் சார், ஒண்ணு ரெண்டு" என்றார் முனிரத்தினம். "இது மாரி இல்ல. வேலி நல்லா கீதுன்னு எழுதிக்கினீங்களா?"

எழுதிக்கொண்டேன் என்றேன்.

"எழுதுங்க, எழுதுங்க. ஊர்ல கீற ஓட்டலு எல்லாத்தியும் இடிச்சிப்புட்டு லாட்ஜிக்கு மட்டும் நல்லா பெயிண்ட் அடிச்சி வச்சிக்கீறோம். வந்து படுத்துக்கலாம். நாஷ்டாவுக்கு எங்க போவும்?"

சரணாலயங்கள் பறவைகளைக் காக்கின்றனவா என்ற கேள்விக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு நேரான பதில் இல்லை. துப்பாக்கியை நிறுத்த வேலி போதும். வேட்டை நின்றதால் பிழைத்த பறவைகள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை, அந்தக் காவலர்களை நான் வணங்குகிறேன். ஆனால் பறவை கோட்டுக்குள் வாழ்வதில்லை. கோட்டை நாம் நமக்காகப் போடுகிறோம். உள்ளே காப்பாற்றுகிறோம் என்று காட்டினால், வெளியே எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். என் இரண்டாவது வாக்கியம் அந்த வேலையைத்தான் செய்தது. சரணாலயத்தைப் பறவைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தேன்.

படிவத்தில் செத்த குஞ்சுகளுக்கு ஒரு கட்டம் இருந்தது. 'காரணம்' என்ற இடத்தில் "இயற்கை மரணம்" என்று எழுதினேன். ஆம், இதையும் நான்தான் எழுதினேன். வேறு என்ன எழுதுவது? பட்டினி என்று எழுதினால் ஏன் பட்டினி என்று கேட்பார்கள். கேட்டால் ஏரிக்கு வரும். ஏரிக்கு வந்தால் அறிக்கைக்கு வரும். முனிரத்தினம் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார். நான் கீழே வைத்த குஞ்சை எடுத்துப் புதைக்கக் கரைக்குப் போனார். சரணாலயத்துக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தையும் நான் ஏரி ஏரியாகப் போனேன். யாருக்கும் அறிக்கை எழுத அல்ல. மிஞ்சிய கூழைக்கடாக்கள் எங்கே தின்கின்றன என்று தெரிந்துகொள்ள. ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஏரியில் அவற்றைக் கண்டேன். சரணாலயத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர். சிரமப்பட்டாலும் போய்வருகின்றன. குஞ்சுகள் முன்பைவிடக் குறைவாக விழுகின்றன. அந்த ஏரியும் போனால் அந்தக் கடப்ப மரங்களில் பார்வைக் கோபுரத்திலிருந்து பார்க்க ஒன்றும் இருக்காது. குறிப்பேடுகளைக் காட்டாமல் ஏன் பெட்டியில் வைத்திருந்தேன் என்று கேளுங்கள். பழைய பக்கத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டிவரும் என்பதால்.

இந்த ஆண்டு ஆடியில் உங்கள் அலுவலகத்து இளைஞர் ஒருவர் மணவாள நகரில் என் வீட்டுக்கு வந்தார். ஏழு ஆண்டு என்னிடம் வேலை பழகியவர், கெட்டிக்காரர், என்மேல் மரியாதை உள்ளவர். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிடங்குத் திட்டத்தின் வரைவைக் கொண்டுவந்து ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னார். பறவைப் பகுதியைத் திறந்தேன். என் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஏரியின் பெயரை மாற்றி, எட்டு என்பதைப் பதினொன்று ஆக்கியிருந்தார். மற்றபடி காற்புள்ளிகூட என்னுடையது.

"இது ஏற்கெனவே அப்ரூவ் ஆன வாக்கியம் சார். மாத்தினா தேவையில்லாம கேள்வி வரும்" என்றார்.

இந்தத் தொழிலின் நோய் இதுதான். உண்மையான வாக்கியத்தை நாம் தேடுவதில்லை. அனுமதி வாங்கிய வாக்கியத்தைத் தேடுகிறோம். ஓர் ஏரியைக் கொன்ற வாக்கியம் அடுத்த ஏரிக்குத் தகுதிச் சான்றிதழோடு வருகிறது. எப்போது கள ஆய்வு செய்தீர்கள் என்று கேட்டேன். மே என்றார். குறிப்பேட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தார். முகம் மாறியது. தை வரை நிறுத்தி வையுங்கள் என்றேன். "பாக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்காமல் போனார்.

கிடங்குத் திட்டத்தின் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் எஸ்தரைத் தேடிப் போனேன். பழைய ஊரைவிட்டு வேப்பம்பட்டில் வாடகை வீட்டில் இருக்கிறாள். இப்போது ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் மேற்பார்வை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்: எழுதினேன், மறைத்தேன், குறிப்பேடு பையில் இருந்தபோதே பொய் சொன்னேன். கூட்டத்தில் இதை எல்லோர் முன்னும் சொல்லப் போகிறேன், நீயும் வர வேண்டும் என்றேன்.

"நான் எதுக்கு சார்? நீங்க பேசினா எழுதிக்குவாங்க. நான் பேசினா சோத்துப் பொட்டலம் வாங்கிக்கினு போன்னுவாங்க." கதவைச் சாத்தப் போனவள் நின்றாள். "பதினாறு வருசம். இவ்ளோ மெதுவா நடந்தா வந்தீங்க?"

வரமாட்டாள் என்று நினைத்தேன். வார விடுமுறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

இந்த முறை நான் மேடையில் இல்லை. பொதுமக்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்தேன். மூன்று நிமிடம் தந்தார்கள். எஸ்தர் வைகாசியில் சொன்னதை அவள் சொன்னபடியே குறிப்பேட்டிலிருந்து படித்தேன். ஓரத்தில் நான் எழுதியதையும் படித்தேன். "இயற்கை மரணம்" என்று எழுதியதைச் சொன்னேன். இந்த ஏரியைத் தையில் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்றேன். கூட்டக் குறிப்பில் ஏற்றும்படி கேட்டு, ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மேடையிலிருந்து பதில் சொல்ல, வரைவோடு என் வீட்டுக்கு வந்த அந்த இளைஞரை அழைத்தார்கள். அவருடைய பக்கத்தில் மேலாளர். என் குறிப்பேட்டை அந்த இளைஞர் தம் கையால் புரட்டிப் படித்தவர் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஐயா சொன்னதை மதிக்கிறோம். ஆனால் பறவைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பதினொரு கிலோமீட்டரில் சரணாலயம் இருக்கிறது. அங்கே அவை பாதுகாப்பாக இருக்கின்றன."

குரல்கூட என்னுடையது மாதிரி இருந்தது. எழுந்து கத்த வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

எஸ்தர் என் பக்கம் சாய்ந்தாள். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்துக்கீறீங்க சார்."

அடுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. இந்த ஏரிய நீங்க இன்னா மாசத்துல போய்ப் பாத்தீங்க?"

அவர் அறிக்கையைப் புரட்டினார். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். புரட்டுவதை நிறுத்தினார். அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.